தன்னைக் காட்டாத இருள்

பாரத தேசத்துத் தத்துவ ஆசாரியர்கள், மற்றெந்த விஷயத்திலும் ஒருவரோடொருவர் இணங்காதவர்களாயினும், தத்தம் கொள்கையை நிலைநாட்ட எடுத்தாளும் திருஷ்டாந்தங்களில் மட்டும் வியக்கத்தக்க ஒற்றுமையைக் காட்டுகிறார்கள். கயிற்றில் தோன்றும் பாம்புக்கு அடுத்தபடியாக அவர்கள் பெரிதும் நம்பியது, வானத்தில் உள்ள ஒரே சந்திரனை இரண்டாகக் காணும் நோயாளியின் கண்ணையே. புறவுலகம் என்று ஒன்றில்லை, யாவும் விஞ்ஞானத்தின் தோற்றமே என்று வாதித்த பௌத்தராகிய வசுபந்து, தமது விம்சதிகை என்னும் நூலின் தொடக்கத்திலேயே, திமிர நோய் கொண்டவன் இல்லாத மயிரையும் இல்லாத சந்திரனையும் காண்பதை உவமையாக வைத்தார். சங்கரரும் பிரம்மசூத்திர பாஷ்யத்தின் முகவுரையில், ஒன்றன்மேல் மற்றொன்றை ஏற்றிக் காணும் மயக்கத்துக்கு உதாரணமாக, ஒரு சந்திரன் இரண்டு போலத் தோன்றுவதைச் சொன்னார். சைவ சித்தாந்திகளோ அந்த நோயாளியை எதிர்வாதிகளின் கூண்டிலிருந்து இறக்கித் தங்கள் பக்கத்துச் சாட்சியாக ஏற்றி, அவனைக் கொண்டே இரு கட்சியாரையும் மறுத்தார்கள்.

இத்தனை நூற்றாண்டு நடந்த இந்த வழக்கில், நோயாளியை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. அவனுக்கு வந்த வியாதி யாது, அது எவ்வாறு பார்வையைக் கெடுக்கிறது, அது தீருமா தீராதா என்னும் கேள்விகள் தத்துவத்துக்குப் புறம்பானவை என்று கருதிவிட்டார்கள் போலும். மலேசியாவின் தம்பின் வட்டாரத்தில், ரெப்பா, கெமெஞ்சே பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியே முதுமை எய்திய மக்களோடு வாழ்ந்து, அவர்களுடைய கண்கள் ஒளி குன்றி வருவதை அருகிருந்து காணும் ஒருவனுக்கு அவை புறம்பானவையாகத் தோன்றவில்லை. அவற்றுக்கு விடை தேடிப் புறப்பட்டால், சித்தாந்தம் நெடுங்காலமாகப் போற்றி வந்த ஓர் உபமானம் தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்ள நேர்கிறது.

முதலில் சித்தாந்திகளின் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். சந்திரன் ஒன்றே என்று ஆயிரம் பேர் அந்த நோயாளிக்கு எடுத்துரைத்தாலும், அவனும் அதை ஐயமற நம்பினாலும், அவன் கண்ணெதிரே நிற்கும் இரண்டாவது சந்திரன் மறைந்துபோவதில்லை. மறையாததற்குக் காரணம், அவனுடைய குறை வெறும் தப்பெண்ணம் அன்று. கண்ணில் படலம் என்னும் ஒரு பொருள் படிந்திருக்கிறது. பொருளால் நேர்ந்த மறைப்பு அறிவினால் மட்டும் நீங்காது. வைத்தியன் கையில் கருவியெடுத்து ஒரு காரியம் செய்தால்தான் நீங்கும். அவ்வாறே ஆன்மாவின் அறியாமையும் வெறும் பிராந்தியன்று. ஆணவம் என்னும் மலமாகிய ஒரு திரவியம் அதை மறைத்திருக்கிறது. ஆகவே ஞானத்தைப் பேசிக்கொண்டிருத்தல் போதாது, தீக்ஷை என்னும் கிரியையால் இறைவனே குருவடிவில் வந்து அதை நீக்கியருள வேண்டும். இவ்வளவு கூர்மையான வாதத்தை, வைத்தியசாலைப் பக்கமே போகாமல் ஆசனத்தில் அமர்ந்து சிந்தித்தவர்கள் செய்திருக்க முடியாது. அக்காலத்தில் கண்வைத்தியனின் சலாகை பாரத நாட்டு வீதிகளில் யாவரும் அறிந்த கருவியாய் இருந்திருக்க வேண்டும் என்றே நான் ஊகிக்கிறேன்.

அந்த வைத்தியம் சுசுருத சம்ஹிதையில் விரிவாக இருக்கிறது. உத்தர தந்திரத்தில் 76 கண்நோய்களை எண்ணிச் சொல்லும் அந்நூல், திமிரமானது கண்ணின் படலங்களுள் ஒன்றன்பின் ஒன்றாக ஊடுருவி, முதலில் ஈயும் கொசுவும் மயிரும் வலையும் போன்ற பொய்த்தோற்றங்களைக் காட்டி, பின்பு பொருள்களை உருமாற்றியும் பெருக்கியும் காட்டி, முடிவில் லிங்கநாசம் என்னும் பார்வையிழப்பில் கொண்டுபோய் விடுவதாக வருணிக்கிறது. நோயாளியை அமர்த்தி, அவனைத் தன் மூக்கை நோக்கச் சொல்லி, யவதானியத்தின் முனை போன்ற கூர்மையுடைய சலாகையால் வைத்தியன் கண்ணைத் துளைக்கிறான். சிகிச்சை முடிந்தபின் நெய்யில் தோய்த்த பஞ்சை வைத்துக் கட்டி, இருமலும் தும்மலும் ஏப்பமும் கூடாதென்று விதித்து, மல்லாந்து படுக்க வைக்கிறான். ஆசிரியர் கபத்தை வெளியேற்றுவதாகவே நினைத்தார். உண்மையில் நடந்தது, கண்மணியின் பின்னே மங்கிக் கிடந்த வில்லை பார்வையின் வழியிலிருந்து கண்ணின் உள்ளேயே கீழே தள்ளப்பட்டது. இதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்; சித்தாந்தத்தின் முத்தி நிலைக்கு வரும்போது இது தேவைப்படும்.

இன்று கண்புரை என்று வழங்குவது இந்த வியாதியே. பிறவியில் தெளிந்த நீர் போலிருக்கும் வில்லையின் புரதங்கள், வயது ஏற ஏறத் திரண்டு, ஒளியைச் சிதறடிக்கின்றன. வில்லையின் ஒரு பகுதி ஒளியை வளைக்கும் அளவுக்கும் மற்றொரு பகுதி வளைக்கும் அளவுக்கும் வேறுபாடு வந்துவிட்டால், ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் ஒரு விளக்கு இரண்டாகவும் மூன்றாகவும் தெரிகிறது. ஆகவே தத்துவ நூல்களின் இரண்டு சந்திரன் வெறும் பள்ளிக்கூட உதாரணம் அன்று. தொடக்கநிலைப் புரையின் நேரான அறிகுறி. வில்லை பழுக்குந்தோறும் மஞ்சள் ஏறி நீல நிறம் மங்கிவிடுகிறது. சிலருக்கு இடைக்காலத்தில் கண்ணாடியின்றியே பத்திரிகை படிக்க முடிந்து, முதுமை திரும்பிப் போயிற்று என்ற மகிழ்ச்சி சில மாதம் நீடிக்கிறது. புரை வில்லையின் நடுவே படிந்தால், உச்சிவெயிலில் கண்மணி சுருங்கி ஒளி முழுவதும் அந்த மறைப்பின் வழியே செல்ல நேர்வதால், நண்பகலில் குருடாகவும் அந்தியில் தெளிவாகவும் பார்வை மாறி மாறி விளையாடும்.

பால்வெட்டு என்பது கண்ணை நம்பிய தொழில். விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் நேரத்திலேயே நிரையில் இறங்கி, மரத்தின் உயிர்ப்படலத்தைத் தொடாமல் அதற்கு மேலே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்துச் சீவவேண்டும். கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. சற்று மேலோடினால் மங்கு என்னும் கிண்ணத்தில் பால் விழாது. கண்புரை கொண்டவருக்கு நெற்றி விளக்கின் ஒளி வில்லையில் சிதறி, மரமும் பட்டையும் வெண்புகைக்குள் நிற்கும். ஆயினும் பல ஆண்டுகள் பழகிய கை, கண் விட்டதை விரல்நுனியால் பிடித்துக்கொண்டு வேலையை நடத்திவிடும். மங்கல் இருக்கிறது என்பதை மட்டும் அவர் அறிவார். வெயிலிலும் புழுதியிலும் வெளிக்காட்டு வேலை செய்தவர்களின் வெண்விழியிலிருந்து கருவிழியின்மேல் படரும் சதைவளர்ச்சியும் அப்படியே. கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்துவிடும். இவை தம்மைத் தாமே அறிவிக்கும் நோய்கள்.

அறிவித்தபின்னும் மக்கள் காத்திருந்தார்கள். "முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்பது தோட்டங்களில் இரண்டு தலைமுறை கேட்ட பேச்சு. அதைப் பாமர வார்த்தை என்று தள்ளிவிடலாகாது. புரை முற்றினால்தான் எடுப்பது எளிது என்பது பழைய சஸ்திர சிகிச்சை முறைகளுக்குப் பொருந்திய உண்மையே. சித்தாந்தமும் இதே மொழியில்தான் பேசுகிறது: மலம் பக்குவப்படும் மலபரிபாகம் வரவேண்டும், நல்வினை தீவினை இரண்டும் ஒப்பாகும் இருவினையொப்பு நேரவேண்டும், அருள் பதியும் சத்திநிபாதம் நிகழவேண்டும், அதன்பின்பே குருவின் கை ஆன்மாவின்மேல் படும். ஆனால் கண்வைத்தியம் இந்தப் பரிபாகத்தைக் கடந்து போய்விட்டது. 1949ஆம் ஆண்டில் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்னும் வைத்தியர், போர் விமானிகளின் கண்ணில் தெறித்துத் தங்கிய கண்ணாடிப் பிளாஸ்டிக் துண்டுகள் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததைக் கவனித்து, அப்பொருளாலேயே செயற்கை வில்லை செய்து கண்ணுக்குள் பொருத்தினார். 1967இல் சார்லஸ் கெல்மன் மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கண்டார். இன்று முற்றிய புரையே வைத்தியருக்குத் தொல்லை. மிக முற்றினால் வில்லை வீங்கிக் கண்ணின் அழுத்தத்தை ஏற்றி நரம்பையே கெடுத்துவிடும். மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளைக் கொண்டே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தார். அரவிந்தரின் யோகத்தைப் பின்பற்றிய அவர் அத்தொழிலையே சாதனையாகக் கருதினார். மலத்தை நீக்குவது கிரியையே என்ற பழைய வாதத்துக்கு, அந்தக் கோணிய விரல்களைவிட நல்ல வியாக்கியானம் நான் கண்டதில்லை.

இதுவரை உபமானம் நன்றாகவே பொருந்தி வந்தது. இனிமேல்தான் சிக்கல்.

மலேசியச் சுகாதார அமைச்சு 2014இல் நடத்திய தேசியக் கண் ஆய்வு, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே குருட்டுத்தன்மைக்கு முதற்காரணம் புரையே, அதன் பங்கு 58.6 விழுக்காடு என்று கண்டது. அடுத்து இனிப்புநீரால் வரும் விழித்திரை நோய் 10.4 விழுக்காடும், கண்ணழுத்த நோயாகிய கிளாகோமா 6.6 விழுக்காடும் இருந்தன. முதலாவது எண் பெரியதாயினும் அது மீட்கக்கூடிய குருடு. பின்னிரண்டும் சிறியவையாயினும், போனதைத் திருப்பித் தராதவை பெரும்பாலும் அவையே. இனிப்புநீர் நம் சமூகத்தை எவ்வளவு ஆழமாகப் பற்றியிருக்கிறது என்பதற்கு 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வே போதும்: நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருக்க, இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. சர்க்கரை மிகுந்த ரத்தம் விழித்திரையின் நுண்குழாய்களைப் பலவீனப்படுத்தி, அவை கசிந்தும் அடைபட்டும் போக, அவற்றுக்குப் பதிலாக முளைக்கும் புதிய குழாய்கள் எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தைக் கொட்டுகின்றன. அதுவரை நோயாளிக்கு யாதொன்றும் தெரிவதில்லை. ஒரு நாள் கறுப்பு நூல்கள் மிதக்கும். அல்லது ஒரு செந்திரை இறங்கும். லேசர் ஒளியால் விழித்திரையின் ஓரங்களைச் சுட்டு நடுவைக் காப்பாற்றுவது அதற்கு ஒரு சிகிச்சை. ஓரத்தைப் பலி கொடுத்து நடுவை மீட்கும் வைத்தியம் அது.

கிளாகோமா இதனினும் அமைதியானது. கண்ணின் முன்பகுதியில் ஊறும் நீர் வெளியேறும் வழி தடைபட்டு அழுத்தம் ஏறுவதாலும், சிலருக்கு அழுத்தம் ஏறாமலேயும், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் கொண்ட பார்வை நரம்பு சிறிது சிறிதாகப் பட்டுப்போகிறது. பெரும்பாலோருக்கு வலியில்லை, சிவப்பில்லை. பார்வையின் எல்லைப்புறங்கள் முதலில் கரைகின்றன. நடு கடைசிவரை நிற்கிறது. புத்தகங்களில் இந்நோயாளியின் பார்வையைக் கறுப்புச் சுரங்கம் போல வரைந்து காட்டுகிறார்கள். அந்தப் படம் தவறு. நோயாளி எங்கும் கறுப்பைக் காண்பதில்லை. ஒரு கண் இழந்ததை மறு கண் நிரப்ப, இரண்டும் இழந்ததை மனம் அக்கம்பக்கத்துக் காட்சியைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. இது நம் யாவருக்கும் நாள்தோறும் நடப்பதே: பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு என்பதை, 17ஆம் நூற்றாண்டில் பாதிரியாரும் விஞ்ஞானியுமான எத்ம் மரியோத் கண்டுபிடித்துச் சொல்லும்வரை, உலகில் ஒருவரும் தம் பார்வையில் ஓட்டை இருப்பதாகப் புகார் செய்ததாகத் தெரியவில்லை.

மருத்துவமனைகளில் இதை அறியும் சோதனை ஒன்று உண்டு. கிண்ணம் போன்ற ஒரு பொறிக்குள் முகத்தை வைத்து, நடுவிலுள்ள ஒளியை விட்டுக் கண்ணை அகற்றாமல், அங்கங்கே மின்னி மறையும் புள்ளிகள் தெரியுந்தோறும் பொத்தானை அழுத்த வேண்டும். "தாத்தா, புள்ளி தெரியறப்பெல்லாம் அமுக்குங்க" என்று தாதி சொல்ல, "தெரியறதெல்லாம் அமுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்று பெரியவர் பதில் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தெரிந்ததையெல்லாம் அவர் அழுத்தினார். தெரியாதவை அவருக்கு இல்லாதவை. பொறி காகிதத்தில் வரைந்து கொடுக்கும் படத்தில் கறுத்துக் கிடக்கும் மூலையைப் பார்க்கும்போதுதான், தம் உலகத்தின் அந்தப் பகுதி எப்போதோ போய்விட்டது என்பதை அவர் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார்.

இந்த இடத்தில் எனக்கு நினைவு வருபவர் உமாபதி சிவாசாரியார். 14ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய திருவருட்பயனில், ஆணவத்தை விளக்கும் இருண்மலநிலை என்னும் மூன்றாம் அதிகாரத்தில், புறவிருளுக்கும் ஆணவ இருளுக்கும் ஒரு வேறுபாடு காட்டுகிறார். புறவிருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருக்கிறேன் என்பதைக் காட்டிவிடும். அறை இருட்டாயிருக்கிறது என்றாவது நமக்குத் தெரியும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. சைவ நூல்களில் இதனினும் நுட்பமான கருத்து அரிது என்பது என் துணிபு. அந்தத் துணிபோடு ஒரு திருத்தத்தையும் சொல்கிறேன். ஆணவத்துக்குப் புரையை உவமை கூறியது பாதிக்கே பொருந்தும். புரை தன்னைக் காட்டும் இருள், ஆகவே அது உமாபதியார் சொன்ன புறவிருளின் இனம். தன்னைக் காட்டாத இருளுக்குக் கண்நோய்களுள் உவமை தேடினால் கிளாகோமாவே நேரானது. மலம் ஒரு பொருள், அது கிரியையால் நீங்கும் என்று நிறுவ விரும்பியபோது ஆசாரியர்களுக்குப் புரை உதவியது. மலம் தன்னை மறைக்கிறது என்று நிறுவ விரும்பியபோது அவர்களிடம் உவமை இல்லை, ஆகவே இருளையே எதிர்மறையாக்கிப் பேசினார்கள்.

உவமை மாறினால் குருவின் வேலையும் மாறுகிறது. புரையில் நோயாளி தானே வைத்தியனைத் தேடி வருகிறான். குரு வந்து நீக்கினால் போதும். கிளாகோமாவில் நோயாளிக்குத் தேடுவதற்கே காரணம் இல்லை. நீக்குவதற்கு முன் ஒருவர் வந்து, உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று காட்டவேண்டும். இதிலே பரிபாகம் என்னும் காத்திருப்புக்கு இடமேயில்லை. காத்திருந்த காலம் முழுவதும் நட்டக் கணக்கு. தம்பின் மருத்துவமனையில் ஒரு ரிங்கிட் கட்டி, அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக் கண் பிரிவுக்கு எழுதிய கடிதத்தை வாங்கி, நன்றாகத்தானே தெரிகிறது, ஒரு நாள் சம்பளம் ஏன் போகவேண்டும் என்று சட்டைப்பையிலேயே மடித்து வைத்துக்கொண்டவர்களை நான் அறிவேன். அவர்களைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை; நன்றாகத்தான் தெரிந்தது.

அவர்களைக் குறை கூறுபவர்கள் வேறு சிலர் உண்டு. போன ஜென்மத்தில் யார் கண்ணைக் கெடுத்தானோ என்று தோட்டத்துத் திண்ணைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வினைக்கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்ன வினைக்கு இன்ன பயன் என்று அறிந்து கூட்டுபவன் இறைவன் ஒருவனே என்பதும் அதே சித்தாந்தத்தின் கொள்கையாகும். பிறருடைய வினைக்கணக்கைத் திண்ணையிலிருந்து வாசிப்பவர், தமக்கு இல்லாத ஒரு பார்வையை உண்டென்று நம்புகிறார். ஆணவத்துக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் கிடையாது. கண்ணிழந்தாரை அறியாமைக்கு உவமை ஆக்கியது அவர்களை இழிவுபடுத்துவதாகாதா என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை: ஆணவம் கண்ணுள்ளார் இல்லார் என்று பாராமல் எல்லா உயிர்களையும் அனாதியாகப் பற்றியிருக்கிறது என்பதே நூல்களின் முடிபு, திருவாரூரில் பிறவிக்குருடராய்க் குளம் தோண்டிய தண்டியடிகளை நாயன்மார் வரிசையில் வைத்த சமயத்துக்கு அந்த இழிவெண்ணம் அன்னியமானது.

ஆயினும் தண்டியடிகள் பார்வை பெற்றார். சுந்தரரும் இழந்த கண்களைக் காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் ஒன்றுமாகத் திரும்பப் பெற்றார். தோட்டத்து மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொள்பவர்கள் இந்த வரலாறுகளின் நிழலிலேயே நிற்கிறார்கள். பார்வை திரும்பாதவர்களைப் பற்றி என்ன சொல்வது? விழித்திரையின் மையம் தேய்ந்த ஒருவர் தீபாராதனைக்கு நிற்கும்போது, தூணும் மணியும் குருக்களின் கையும் ஓரப்பார்வையில் தெரிய, நேரே நோக்கிய அம்மன் திருமுகம் மட்டும் தெரிவதில்லை; முகத்தைக் காண அவர் முகத்தை விட்டு விலகிப் பார்க்கவேண்டும். சித்தாந்த ஆசாரியராகிய மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில், கண் காண்பதற்கு ஆன்மா உடனிருந்து காட்டிக் காண்பது போல, ஆன்மா காண்பதற்கு இறைவன் உடனிருந்து காட்டிக் காண்கிறான் என்கிறார். அவ்வாறாயின் தரிசனத்தில் நிகழ்வது விழித்திரையின் செயல் அன்று. காண்பவன் உள்ளே நிற்கிறான், அவனுக்கு மையம் தேய்வதில்லை. இந்த விடை தர்க்கத்துக்குப் போதுமானது. அந்த நோயாளிக்குப் போதுமா என்பதை, நல்ல கண்ணோடு உட்கார்ந்து எழுதும் நான் தீர்ப்பது முறையன்று.

சுசுருதரின் வைத்தியத்தில் வில்லை கண்ணைவிட்டு அகலவில்லை, வழியைவிட்டு விலகிற்று என்பதை முன்பே சொன்னேன். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி மடங்கிக் கிடக்கிறது என்பதே மெய்கண்டார் மரபின் கொள்கை. அநாதியான பொருளுக்கு நாசம் கூற இயலாது அல்லவா? மடங்கியது மறுபடி நிமிராமலிருக்க வேண்டுமென்றுதான், ஞானம் பெற்றவனுக்கும் ஓய்வு கொடாமல், மெய்கண்டார் பன்னிரண்டாம் சூத்திரத்தில், மலத்தைக் கழுவி, அன்பரோடு கூடி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழு என்று கட்டளையிட்டார். ஞானிக்கு எதற்குக் கோயில் என்று கேட்டவர்கள் அக்காலத்திலும் இருந்திருப்பார்கள். கிளாகோமா நோயாளிக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து இழந்த பார்வையில் ஓர் இம்மியையும் மீட்டுத் தராது. மிஞ்சியதைக் காக்க, அழுத்தத்தை அடக்கி வைப்பது ஒன்றே அதன் தொழில். நன்றாக இருக்கிறதென்று நிறுத்தினால் அழுத்தம் பழையபடி ஏறிவிடும். ஆகவே காலையிலும் இரவிலும் வைத்தியர் சொன்ன வேளை தவறாமல், தலையைச் சாய்த்து, கீழிமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும், ஆயுள் முழுவதும்.